விமானப் பயண நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு

இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, 800ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். பயண நேரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ.; வகுத்தால் 2 மணி 12 நிமிடம், கூட்டினால் 2 மணி 42 நிமிடம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் ஏறி இறங்குவதிலும் நேரம் கரைகிறது. அந்த அரை மணி அதற்குத்தான். சாலைத் தூரத்தைப் போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்ப்பது வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவாது. அவை அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது.

ஏடிஆர் போன்ற புரொப்பல்லர் விமானம் என்றால் 500ஆல் வகுக்க வேண்டும். டெல்லி–லண்டன் போன்ற நெடுந்தூரத்துக்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்: மேற்கே போகும்போது எதிர்க்காற்று நேரத்தை இழுத்துவிடும், திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.