பொடி எழுத்தும் அட்டைப்பெட்டியும்

வேலை பார்க்கும் இடத்தில் தொழிற்சங்கம் கட்டப் போகிறீர்களா? நோட்டீஸ் அடிக்கும் முன் நிறுவனத்தைப் படியுங்கள். நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் உண்மையில் யார் கையில்? நாம் தினமும் சண்டை போடும் மேலாளரிடம் அது அநேகமாக இருக்காது.

ஆண்டறிக்கை கிடைத்தால் தலைவர் உரையைத் தள்ளிவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். கடன் யாரிடம், நிலுவை வழக்குகள் என்ன, இயக்குநர்களின் சொந்த நிறுவனங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனமா? சரி, வழக்குப் பதிவுகளையும் அரசு ஒப்பந்தங்களையும் துழாவுங்கள்.

ஆனால் பெரிய புதையல் உள்ளே வேலை பார்ப்பவர்கள்தான். ஒருமுறை வாரக்கணக்கில் தேடியும் முக்கிய வாடிக்கையாளர் யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: “பெட்டியில லேபிள் ஒட்டுறதே நான்தானே தம்பி, கேட்டிருக்கலாமே!” பெயர், ஊர், சரக்கு கிளம்பும் கிழமை என எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்புறம், ரகசியக் காகிதம் எதையும் எடுத்து வரச் சொல்லாதீர்கள். மாட்டினால் வேலை போவது அவர்களுக்கு. தகவலை எழுதும்போது தேதி போடுங்கள், சொன்னவர் பெயரை மட்டும் தனி நோட்டில் வையுங்கள்.