முதலில் ஆமையைத் திருப்பிப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு ஆமை இருக்கிறது. பெயர் துட்டு. மகள் வாங்கி வந்த அன்று பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, அதனால் அந்தப் பெயர். "இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விற்றார்களாம். இன்றைக்கு ஓட்டின் நீளம் 23 செ.மீ.

வந்த வாரமே அதைக் கொல்லப் பார்த்தேன். டெக்சாஸில் இருக்கும் என் தம்பியின் வீட்டுக் கொல்லையில் பெட்டி ஆமை ஒன்று திரியும். வீடியோ காலில் துட்டுவைப் பார்த்துவிட்டு, "அக்கா, தண்ணியைக் குறை. ஈர மண்ணும் சருகும் போடு. முங்குற அளவுக்கு வச்சா செத்துரும்" என்றான். அவன் பார்த்த ஆமைக்கு அது சரி. நானும் அப்படியே செய்தேன். நான்கு நாள் துட்டு எதையும் தின்னவில்லை. வாயில் கவ்வும், விழுங்க முடியாமல் விட்டுவிடும். துட்டு ரெட் இயர் ஸ்லைடர் என்ற தண்ணீர் ஆமை, தண்ணீருக்குள் இருந்தால்தான் இந்த இனத்துக்கு இரை இறங்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் வளர்ப்பு முறை எதையும் படிக்கும் முன் ஆமையை மெதுவாகத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். மெத்தைக்கு மேலே வைத்து, சில விநாடிகள் போதும். பெட்டி ஆமை என்றால் வயிற்று ஓட்டின் குறுக்கே கீல் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். பயந்தால் தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு, அடி ஓட்டை மேலே மடக்கி டப்பா போல மூடிக்கொள்ளும். முதுகு நன்றாகக் குவிந்திருக்கும். வட அமெரிக்காவில் தரையில் வாழ்வது. நம் மீன் தொட்டிக் கடைகளில் விற்பது பெரும்பாலும் ரெட் இயர் ஸ்லைடர். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, தட்டையான ஓடு, விரலிடையில் சவ்வு, மஞ்சள் வயிற்றில் மை தெறித்தது போல் கரும்புள்ளிகள். கீல் கிடையாது. இதுவும் அமெரிக்காக்காரிதான், மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். ஆனால் தண்ணீர் ஆமை.

கண்மாயில் பிடித்தது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். தோல் போர்த்தியது போல் வழவழப்பான ஓடு, பின்னங்கால்களை அடியில் மூடும் மடல் என்றால் அது பாலாமை. கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்தால் நட்சத்திர ஆமை. காலே துடுப்பாக இருந்தால் கடல் ஆமை, பேராமையோ பங்குனி ஆமையோ, நம் கடல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்களிடம் இருப்பது ஸ்லைடர். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது வேண்டாம். கடல் தண்ணீர் கூடவே கூடாது. காவிரித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் வாடை போக வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுகிறேன். புரண்டு நீந்தும் ஆழம் வேண்டும். ஏறி உடம்பை முழுக்க உலர்த்த ஒரு கல்லும் வேண்டும். வெயில் நேராகப் படட்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது கணக்கில் சேராது, ஓடு இறுகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆனால் பாதித் தொட்டியாவது நிழலில் இருக்க வேண்டும். மே மாதத்தில் பிளாஸ்டிக் டப்பை மொட்டை மாடியில் விட்டால் ஆமை வெந்துபோகும்.

குட்டியாக இருக்கும்போது மண்புழு, மீன், ஆமைத் தீவனம். வளர வளர இலை தழையைக் கூட்டுங்கள். துட்டுவுக்கு ஆகாயத்தாமரையும் செம்பருத்தி இலையும் இஷ்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் நெத்திலியும் சூடையுமாகப் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். கருவாடு, சோறு, பிரெட் எதுவும் வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம், கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு போதும். நான் மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு போனதும் காயவைப்பேன். முதுகுப் பக்கத்தின் கெட்டியான தகட்டைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பை மட்டும் மிதக்க விடுவேன். துட்டு முதலில் மூக்கால் முட்டித் தள்ளும். அப்புறம் கழுத்தை நீட்டி நறுக்கென்று ஒரு கடி. அடுக்களையில் இருக்கும் எனக்கே கேட்கும். மறுநாள் கணவாய் ஓட்டின் ஓரமெல்லாம் பிறை பிறையாகப் பல் பட்டது போல் இருக்கும், ஆமைக்குப் பல்லே கிடையாது என்றாலும்.

கண் இமை வீங்கினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தாலோ, ஓடு அமுங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் எங்கள் மாமியாருக்கு இருந்தது, நிறுத்தினோம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா என்ற கிருமி ஆமை மேல் இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 1975லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். தொட்டித் தண்ணீரை அடுக்களைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தென்னைக்கு ஊற்றுங்கள்.

போன வருடம் கொழுந்தன், "பெரிசாயிருச்சு அண்ணி, ஊருணியில விட்டுருவோம்" என்றார். விட்டால் அது பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. இரையையும் வெயில் காயும் இடத்தையும் நம் ஊர் ஆமைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டச் சொன்னேன். இந்த ஆமை முப்பது வருடம்கூட வாழும். மகள் இப்போது மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில். தொட்டி கழுவுவது நான்.