கருத்தரிப்பு ஊசியைப் பத்திரமாக வீடு கொண்டுவர

கருத்தரிப்புச் சிகிச்சைக்கு யாழ்ப்பாணம், கொழும்பு என்று போய் ஊசி மருந்தோடு வன்னிக்குத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. முட்டை வளரப் போடும் ஊசிகளில் பலவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். ஏ9 வீதி வெயிலில், பஸ் தட்டில் கைப்பையோடு போட்டுவிடாதீர்கள். சின்ன ரெஜிபோம் பெட்டி போதும். ஆனால் ஐஸ் நேரே மருந்தில் படக்கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும், உருகிய பிறகும் போட முடியாது. அடியில் துவாயில் சுற்றிய ஐஸ், மேலே ஒரு மட்டை, அதன்மேல் ஊசி. வீட்டில் பிரிட்ஜ் கதவில் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். வெளியே எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். வாங்கும்போதே பார்மசியில் கேட்டு, பெட்டியிலேயே எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.