எண்ணெய்க் கசிவை அள்ளப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளியது ஆட்கள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தபோதும் மீனவர்கள் படகில் போய் அள்ளினார்கள். இப்படி அள்ள வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. கையுறை போடு, கம்பூட் போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் இந்த வேலைக்கு வந்த காலத்தில் செய்த தவறுகளைப் புதுப் பிள்ளைகள் இன்றும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயில் கை கழுவுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவழைப்பது இதுதான். மாலையில் வேலை முடிந்ததும் ஒரு கேன் மண்ணெண்ணெய் வரும். முழங்கை வரை ஊற்றித் தேய்ப்பார்கள், கறுப்பு சட்டென்று போய்விடும். ஆனால் எண்ணெயைக் கரைக்கிற அதே மண்ணெண்ணெய் தோலில் இயல்பாக இருக்கும் கொழுப்பையும் கரைத்துவிடுகிறது. அந்தக் கொழுப்புதான் தோலுக்குக் காவல். அது போனால் தோல் வறண்டு வெடிக்கும். மறுநாள் அள்ளும் எண்ணெய் அந்த வெடிப்பு வழியாக இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். கப்பல் எரிபொருள் எண்ணெயில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை, தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியவை.

ஒரு கல்லூரி மாணவன் தினமும் மண்ணெண்ணெயில்தான் கழுவினான். சில நாட்களில் இரண்டு கையும் சிவந்து, மடிப்புகளில் நீர் கசிய ஆரம்பித்தது. "எரியுதுண்ணே, ஆனா அழுக்கு போகுது" என்றான். அந்தக் கேனை வாங்கி வைத்ததே வேலையை நடத்தியவர்கள். தேங்காய் எண்ணெய் வாங்கச் சொன்னால், "அதெல்லாம் செலவு" என்ற பதில். அந்தப் பையனின் தோல் வைத்தியத்துக்கு ஆன செலவை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள், தண்ணீர் வேண்டாம். அப்புறம் தேங்காய் எண்ணெயோ பாமாயிலோ தாராளமாகத் தடவி, மெதுவாகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். கடைசியில் சோப்பும் தண்ணீரும். மண்ணோ தேங்காய் நாரோ போட்டுத் தேய்க்காதீர்கள், அதுவும் தோலைக் கிழிக்கும். பெட்ரோல், தின்னர் எல்லாம் மண்ணெண்ணெயை விட மோசம்.

என்95 போட்டால் போதும் என்பது

தூசியைத்தான் அது தடுக்கும். ஆவி அதில் நேராக நுழையும். கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் உள்ள கவசம் வேண்டும், அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். கசிந்த முதல் சில மணி நேரங்களில்தான் பென்சீன் போன்ற, எளிதில் ஆவியாகும் நச்சுப் பொருட்கள் காற்றில் அதிகம். ஆர்வத்தில் முதல் ஆளாக ஓடுகிறவர்தான் அதிகம் சுவாசிக்கிறார்.

வாடை போய்விட்டது என்று நிம்மதி அடைவது

எண்ணெயிலிருந்து வரக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், வாயு இருந்தாலும் வாடை தெரியாது. தலை சுற்றினால் காற்று வரும் திசைப்பக்கம் வெளியேறுங்கள்.

சாதாரண ரப்பர் கையுறை

எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்குங்கள்.

எண்ணெய்க் கையோடு டீ, பீடி

வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் பட்ட துணியை வீட்டுக்குக் கொண்டுபோவது

குழந்தையின் துணியோடு அதுவும் ஒரே வாளியில் ஊறும். அங்கேயே கழற்றிப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெயரைப் பதியாமல் வேலை செய்வது

2002இல் ஸ்பெயின் கடலில் பிரெஸ்டீஜ் கப்பல் மூழ்கியது. அந்த எண்ணெயை அள்ளிய மீனவர்களிடம் மூச்சுத் தொல்லை ஓராண்டுக்குப் பிறகும் நீடித்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2010 மெக்சிகோ வளைகுடா கசிவுக்குப் பிறகு அமெரிக்காவில் சுமார் 33,000 பேரின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. கசிவைச் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்றவர்களின் பட்டியல் கையில் இருந்தது அதற்குப் பெரிய உதவி. நம் கரையில் வாளி தூக்கியவர்களில் எத்தனை பேரின் பெயர் எழுதப்பட்டது? யாரும் எழுதாவிட்டால் நீங்களே எழுதி வையுங்கள்: தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன கவசம், அன்று உடம்புக்கு என்ன செய்தது. அடுத்த முறை இருமலுக்கு மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.