ஜப்பானியப் பேச்சுப் போட்டிக்கு முதல் முறையாகத் தயாராகிறீர்களா?

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 முதல் என்1 வரை 5 நிலைகள் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பேச்சுத் தேர்வு கிடையாது. என்3 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஜப்பானியரின் எதிரில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் தவித்தவர்களைச் சென்னையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் தவித்தவன்தான். அந்தத் தயக்கத்தை உடைத்தது பேச்சுப் போட்டி. முதல் முறை பரிசு கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. நடுவில் நான் மாற்றிக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஹிரகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து முறைகளும் எழுதப் படிக்கத் தெரியும், வினைகளை இணைக்கும் 'தெ' வடிவம் வரை இலக்கணம் படித்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

1. விதிகளைப் படியுங்கள்

இந்தியாவில் சென்னை போன்ற நகரங்களில் வட்டாரச் சுற்று நடக்கும். அதில் வெல்பவர்கள் டெல்லியில் நடக்கும் தேசியச் சுற்றுக்குப் போவார்கள். அறிவிப்புகளுக்கு ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் பக்கத்தையும் நீங்கள் படிக்கும் மையத்தின் பலகையையும் பார்த்துக்கொண்டிருங்கள். நேர வரம்பு, பிரிவு, நடுவர் கேள்விகள் உண்டா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும்.

2. தலைப்பு

'எனக்கு ஏன் ஜப்பான் பிடிக்கும்' என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். அனிமே, புல்லட் ரயில், சுத்தமான தெருக்கள் என்று நடுவர்கள் அன்று காலையிலேயே பலமுறை கேட்டிருப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றை எடுங்கள்.

என் உரை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் 'இத்தெகிமஸ்' என்பார்கள். அதை அப்படியே தமிழில் சொன்னால் 'போய்விட்டு வருகிறேன்'. உள்ளே இருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்பார். 'போய்விட்டு வாருங்கள்' என்று பொருள். சிறு வயதில் ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே "போகிறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். வாசல்வரை வந்து என்னை நிறுத்தி, "வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ" என்று சொல்ல வைத்த பிறகுதான் அனுப்பினார். இந்த ஒரு காட்சியைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த ஜப்பானிய நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்.

3. எழுதுவது

தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டு மொழிபெயர்ப்புச் செயலியில் போடாதீர்கள். அது தரும் ஜப்பானியம் உங்கள் வாயில் நிற்காது. கேள்வி கேட்டால் உங்களிடமே பதில் இருக்காது. தெரிந்த இலக்கணத்தில், குட்டி வாக்கியங்களில் எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். வெளியாரிடம் உங்கள் சொந்தப் பாட்டியைப் பற்றிப் பேசும்போது 'சொபொ' என்பதே மேடைக்கு உரிய சொல்.

'கென்கோயோஷி' எனப்படும் ஜப்பானியக் கட்டத்தாளில் எழுதுங்கள். 20 வரிசை, வரிசைக்கு 20 கட்டம் என்று ஒரு தாளில் 400 கட்டங்கள் இருக்கும். செய்தி வாசிப்பவர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 எழுத்துகள் வாசிப்பார்கள் என்பது பொதுவான கணக்கு. தொடக்கநிலையில் 250 வையுங்கள். 3 நிமிட உரை இரண்டு தாளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

4. மாத்திரை: நான் சறுக்கிய இடம்

முதல் போட்டிக்கு என் உரை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். வேகமாகப் படிக்க முடிகிறது, நமக்குக் குறில் நெடில் வேறு இருக்கிறது என்ற தைரியம். போட்டி முடிந்து கையில் வந்த மதிப்பெண் தாளின் ஓரத்தில் 'ஹகு' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. தாள அளவு, அதாவது நம் மாத்திரை என்று பொருள். என்ன தவறு என்று பிடிபட எனக்குப் பல மாதங்கள் ஆயின.

பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்திலும் குறில் ஒன்று, நெடில் இரண்டு. ஆனால் அங்கே அரை மாத்திரை என்பதே இல்லை. 'ன்' என்ற எழுத்துக்கும், இரட்டித்த ஒலியைக் காட்டும் சிறிய 'ட்சு' எழுத்துக்கும் முழுதாக ஒரு மாத்திரை உண்டு. 'நிப்பொன்' என்பதை நம் கணக்கில் எண்ணுங்கள்: நி 1, ப் அரை, பொ 1, ன் அரை, மொத்தம் 3. ஜப்பானியருக்கு அது 4. 'இத்தெகிமஸ்' நமக்கு 5, அவர்களுக்கு 6. கடைசியில் இருப்பது உண்மையில் 'சு'. அதன் உகரம் அநேகமாகக் கேட்காது. நாமும் குற்றியலுகரப் பழக்கத்தில் அதை அரையாகக் குறுக்கிவிடுகிறோம். அவர்களோ உகரம் கேட்காவிட்டாலும் அதற்குரிய நேரத்தை முழுதாகக் கொடுக்கிறார்கள். என் உரையின் உயிரே அந்தச் சொல்தான். ஒவ்வொரு முறையும் அதை ஒரு மாத்திரை குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'நான்' என்பதற்கான சொல்லை 'வதஷி' என்று எழுதினால் நம் கண் அந்தத் 'த'வை 'அது' என்பதில் வருவது போல மென்மையாகப் படிக்கும். வல்லொலி வேண்டுமே என்று 'வத்தஷி' என்று எழுதினால் இல்லாத ஒரு மாத்திரை கூடிவிடும். இரண்டுமே தவறு. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினமும் நம் வாயில் இளகிவிடும். பங்கேற்பு என்று பொருள்படும் 'ஸன்க' என்ற சொல்லை 'சங்கம்' என்பதில் வரும் 'ங்க' போல ஒலித்தால் மலையும் ஆறும் என்று பொருள் மாறிவிடும். இந்தக் கட்டுரைக்குத் தமிழ் எழுத்து போதும். உங்கள் உரையை ஹிரகனாவில் மட்டும் எழுதுங்கள்.

பயிற்சி இதுதான். கட்டத்தாளில் ஹிரகனாவில் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே வாசியுங்கள். சிறிய 'ட்சு'வுக்கு வாய் மூடியிருக்கும், கை மட்டும் தட்டும். சிறிய 'ய', 'யு', 'யொ' மட்டும் விதிவிலக்கு. தனிக் கட்டம் உண்டு, தனித் தட்டு கிடையாது. முன் கட்டத்தோடு சேர்த்து வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நான் நாள்தோறும் இரவு உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் தட்டினேன். மூன்றாவது வாரத்தில் கையை எடுத்த பிறகும் தாளம் நின்றது.

5. ஏற்ற இறக்கம்

டோக்கியோ வழக்கில் 'அமெ' உயர்ந்து தாழ்ந்தால் மழை, தாழ்ந்து உயர்ந்தால் மிட்டாய். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவான 'ஓஜாட்' என்ற இலவச இணைய அகராதியில் உரையை ஒட்டினால், அதன் 'சுசுகி-குன்' பகுதி வாக்கியத்தின் மேலே வளைகோடு வரைந்து காட்டும். அந்தக் கோட்டைத் தாளில் பென்சிலால் வரைந்துகொள்வேன். கணினிக் குரலைக் கேட்டு அப்படியே ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கும் மேலானது, ஆசிரியர் ஒரு முறை வாசிக்கும்போது கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வது.

6. மேடையில்

முதலில் சொல், பிறகு வணக்கம். 'மினசன், கொன்னிச்சிவ' என்று சொல்லி முடித்த பிறகே இடுப்பிலிருந்து குனியுங்கள். இறுதியில் 'கொசெய்ச்சோ அரிகதோ கொசய்மஷித' என்று கேட்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் குனியுங்கள். குனிந்துகொண்டே பேசினால் ஒலிவாங்கி உங்கள் குரலைத் தவறவிடும்.

நடுவர் கேள்வி புரியவில்லை என்றால் 'மோ இச்சிதொ ஒனெகய்ஷிமஸ்' என்று மறுபடியும் சொல்லச் சொல்லலாம். அதில் தயக்கமே வேண்டாம். புரிந்தும் பதில் வர நேரமானால் 'சோ தெஸ் நே' என்று தொடங்குங்கள். ஜப்பானியர் யோசிக்கும்போது சொல்வதும் அதுதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு மாணவி, மேடையில் நடுவில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். என் உரையில் அவை ஆறே சொற்கள். எங்கே நின்றாலும் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்; விட்டுப்போனது நீங்கள் சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

இன்னொருவர், தட்டித் தட்டிப் பழகியதில் பேச்சு இயந்திரம் போலாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அது நடக்கும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தட்டுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரை எதிரில் உட்காரவைத்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு ஜப்பானியம் தெரிய வேண்டியதில்லை. நான் என் அம்மாவிடம் சொன்னேன். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், பாட்டி வாசலுக்கு வரும் இடம் எது என்று அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.