பெரியாஸ்பத்திரிக்குப் போகும் முன்: நோயாளிக்கும் பார்க்க வருபவருக்கும் ஒரு செய்முறை

அப்பாவை 11 நாள் ஆஸ்பத்திரி விடுதியில் (வார்ட்டில்) வைத்துப் பார்த்துவிட்டு வந்த பிறகு, எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பேர் என்னிடம் வந்து கேட்டார்கள்: "என்ன கொண்டு போகவேணும்? ஆரோட கதைக்கவேணும்?" மூன்று தடவை ஒரே விசயத்தைச் சொன்னதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. அப்பா இருந்தது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. நாங்கள் விட்ட பிழை எங்கள் வீட்டுக்குள்தான் நடந்தது. அதைப் படி 5இல் விரிவாகச் சொல்கிறேன். நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது வாசியுங்கள்.

படி 1: புறப்படுதல்

நெஞ்சு நோ, ஒரு பக்கம் விறைத்துப் போதல், வாய் கோணுதல், மூச்சு எடுக்க முடியாமல் போதல் என்றால் ஓட்டோ தேடி மினக்கெட வேண்டாம். 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்கும் காசில்லை, அழைப்புக்கும் காசில்லை. 2018இல் இருந்து இலங்கையின் வடக்கு மாகாணத்திலும் அந்தச் சேவை இருக்கிறது. இன்றும் பலர் முதலில் மச்சானுக்கு அழைத்து, மச்சான் வான் தேடி, அதற்குள் அரை மணித்தியாலம் போய்விடுகிறது.

பாரிசவாதம் போலத் தெரிந்தால் ஒரு விசயத்தைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் கடைசியாக நல்லபடி இருந்த நேரம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்கலாம். டொக்டர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான். "காலமை இருந்து ஒரு மாதிரி இருந்தவர்" என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

உயிருக்கு அவசரமில்லாத நோய் என்றால் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளையும் யோசியுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாகாணத்தின் 5 மாவட்டங்களிலும் இருந்து நோயாளர்களை அனுப்புகிறார்கள். அங்கே நெரிசல் அதிகம். தேவையென்றால் ஆதார வைத்தியசாலைக்காரரே அங்கு மாற்றி அனுப்புவார்கள்.

படி 2: பை

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய துண்டுகள். இவை எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது இதுதான்: வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் உறையோடு கொண்டு போங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போனால் போதாது, மருந்தையே கொண்டு போகவேண்டும். பனடோல், வாய்வுக் குளிசை, ஆயுர்வேதக் கசாயம், வெளிநாட்டில் இருந்து அக்கா அனுப்பின விற்றமின் எல்லாம் அதில் அடங்கும்.

உடுப்பில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆண்களுக்குச் சாறமும் முன்பக்கம் பொத்தான் வைத்த சேட்டும்தான். ரீ சேட் வேண்டாம். கையில் சேலைன் ஊசி ஏறிய பிறகு அதைக் கழற்றுவது பெரும் பாடு, ஈசிஜி எடுக்கவும் இடைஞ்சல். பிளாஸ்க் உருக்கில் வாங்குங்கள், கண்ணாடிப் பிளாஸ்க் கட்டிலடியில் நாலு நாள் தாங்காது. வழுக்காத செருப்பு, துவாய், கோப்பை, சவர்க்காரம், போன் சார்ஜர். நகையும் பெருந்தொகைக் காசும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும். போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். போனை நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவீர்கள், கொப்பி கட்டிலடியில் நிற்கும். அடுத்து வந்து நிற்பவர் அதைப் பார்த்துத்தான் தொடரவேண்டும்.

படி 3: முதல் நாள்

கொப்பியின் முதல் பக்கத்தில் நான்கு விசயம்: விடுதி இலக்கம், கட்டில் இலக்கம், சேர்த்த திகதி, டிக்கெட் நம்பர். டிக்கெட் என்பது கட்டிலோடு இருக்கும் அந்தப் பெரிய பதிவுக் கோப்புத்தான், பிஎச்ரி (பெட் ஹெட் டிக்கெட்) என்று சொல்வார்கள். நோயாளி வீட்டுக்குப் போனாலும் அது ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். பிறகு ஒரு காலத்தில் அறிக்கை கேட்டுப் போனால் இந்த நம்பரை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள். "மிஸ், அப்பாவின்ர டிக்கெட் நம்பரை ஒருக்காச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். முதல் நாளே கேளுங்கள்.

கூட நிற்க ஆள் வேண்டுமா, பாஸ் எங்கே எடுப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆண்கள் விடுதியில் இரவு நிற்கப் பெரும்பாலும் ஆண்களைத்தான் விடுவார்கள். மகள்மார் மட்டும் உள்ள வீடுகளில் இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. மருமகனையோ பெறாமகனையோ முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சத்திரசிகிச்சை என்றவுடன் இரத்தம் கொடுக்க ஆள் திரட்டும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அது தேவையில்லை. இலங்கையின் இரத்த வங்கிகள் முழுக்கத் தன்னார்வக் கொடையில் இயங்குகின்றன. உறவினர் பதிலுக்குக் கொடுத்தால்தான் தருவோம் என்ற முறை இங்கே கிடையாது. கொடுக்க விரும்பினால் வேறொரு நாளில் தாராளமாகக் கொடுங்கள், அதுவும் பெரிய உதவி.

படி 4: டொக்டருடன் கதைப்பது, பார்க்க வருவது

காலையில் பெரிய டொக்டர் தன் குழுவோடு சுற்றி வருவார். அந்த நேரம் உறவினரை வெளியே நிற்கச் சொல்வார்கள். சுற்று முடிந்து விடுதி கொஞ்சம் ஓய்ந்த பிறகு, விடுதி டொக்டரிடம் ஒரே ஆள் போய்க் கேட்பதுதான் சரியான வழி. காலையில் மகன், மத்தியானம் மருமகள், பின்னேரம் சித்தப்பா என்று மூன்று பேர் கேட்டால் மூன்று விதமாக விளங்கிக்கொண்டு வீட்டில் சண்டைதான் வரும். கேள்விகளை முதல் நாள் இரவே கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களுக்கு உதவிய மூன்று கேள்விகள்: என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்? இன்று என்ன சோதனை? என்ன நடந்தால் நாங்கள் உடனே சொல்லவேண்டும்?

பார்க்க வருபவர்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. செவ்விளநீரை யோசிக்காமல் கொண்டு வராதீர்கள். சுகம் விசாரிக்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் பண்பாடு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இளநீரிலும் ஒறேஞ்சிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் கூட. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். லொசாட்டன் போன்ற சில பிரசர் மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நெஸ்ரமோல்ற் பைக்கற்றும் நீரிழிவுக்காரருக்கு உகந்ததல்ல. முதலில் கூட நிற்பவருக்கு ஒரு போன் அடித்து "என்ன குடுக்கலாம்?" என்று கேளுங்கள்.

மாரி மழையோடு டெங்கு தொடங்கினால் இன்னும் கவனம் வேண்டும். டெங்கு நோயாளி குடிப்பதையும் சலமாகக் கழிப்பதையும் மில்லிலீற்றர் கணக்கில் எழுதுவார்கள். சேலைனின் அளவைத் தீர்மானிப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டும். நீங்கள் அன்பாக ஊற்றிக் கொடுக்கும் ஒரு கோப்பை கஞ்சி அந்தத் தாளில் ஏறாவிட்டால் கணக்கே பிழைத்துவிடும். சிவப்பு, மண்ணிறக் குடிபானங்களும் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா குடிபானமா என்று பிரித்தறிய முடியாது. காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும்தான். அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வாருங்கள். தடிமன், காய்ச்சல் இருந்தால் நீங்களும் வரவேண்டாம். கட்டிலில் இருக்காதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். பார்வை நேரப் பலகையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் வாசலில் செக்கியூரிட்டியோடு வாக்குவாதப்பட வேண்டியிராது.

படி 5: துண்டு வெட்டும் நாள்

எங்களுக்குக் கால் இடறியது இங்கேதான்.

11ஆம் நாள் "இண்டைக்குத் துண்டு வெட்டலாம்" என்றார்கள், அதாவது வீட்டுக்குப் போகலாம். அந்தச் சந்தோசத்தில் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அப்பாவுக்கு முன்பே கிளினிக்கில் லொசாட்டன் கொடுத்திருந்தார்கள், வெள்ளை உறையில். புதிதாக எழுதிய மருந்தில் ஒன்றை வெளியே பாமசியில் வாங்கினோம். அதன் அட்டையில் பெரிய எழுத்தில் கம்பனிப் பெயர் இருந்தது. இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து அம்மா இரண்டையும் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை கிணற்றடிக்குப் போன அப்பா கண் இருட்டிக் கீழே இருந்துவிட்டார். திரும்பக் கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் டொக்டர் எல்லா மருந்தையும் மேசையில் பரப்பச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் லொசாட்டன்தான்.

அந்தக் காலை நேரம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இப்போது யார் கேட்டாலும் இந்த ஒழுங்கில் செய்யச் சொல்கிறேன்.

கட்டிலை விட்டு எழும்பும் முன் பழைய மருந்து எல்லாவற்றையும் புதிய மருந்துக்குப் பக்கத்தில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, இதைத் தொடர்வதா, நிறுத்துவதா, அளவு மாறுகிறதா என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அட்டைகளில் கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். கொப்பியில் ஏற வேண்டியது அந்தப் பெயர்தான். வெளியே வாங்கும்போது பாமசிக்காரரிடம் அதை உரத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறுத்திய மருந்தைத் தனிப் பையில் கட்டி அடுத்த கிளினிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

துண்டில் உள்ள குறிப்புகளும் விளங்கவேண்டும். மனே என்றால் காலை, நொக்ரே என்றால் இரவு. பிடி என்றால் நாளுக்கு இரண்டு தடவை, ரிடிஎஸ் என்றால் மூன்று தடவை. எஸ்ஓஎஸ் என்று இருந்தால் தேவைப்படும்போது மட்டும்.

அடுத்து, கிளினிக் திகதி வரை மருந்து காணுமா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு கிழமைக்குப் பிறகு கிளினிக் என்றால், காலையில் ஒன்று போடும் குளிசை 28 இருக்கவேண்டும்.

என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட் கையில் வந்தவுடன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பெயர், வயது, திகதி சரியா என்று அங்கேயே பாருங்கள். பிறகு திருத்துவதற்கு ஒரு நாள் செலவாகும். அதை லமினேற் செய்யாதீர்கள், அடுத்த டொக்டர் அதில் எழுதவேண்டி வரலாம். ஈசிஜி தாளை லமினேற் செய்யவே கூடாது. அது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள், மெசினின் வெப்பத்தில் முழுதும் கறுத்துவிடும். எங்கள் ஊர் வெயிலிலும் அது மெல்ல மங்கிப்போகும். உடனே போட்டோ கொப்பி எடுத்து இரண்டையும் ஒன்றாக வையுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் வேண்டுமென்றாலோ, அரச ஊழியராக இருந்து அக்ரஹார காப்புறுதிப் படிவம் நிரப்பவேண்டுமென்றாலோ, விடுதியை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: நெடுந்தீவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பின்னேரம் துண்டு வெட்டினால் குறிகட்டுவானில் படகு பிடிக்க முடியாது, நோயாளியோடு எங்கே தங்குவது? நான் யோசிக்காத விசயம் இது. தீவுப்பகுதிக்காரர் காலைச் சுற்று முடிந்த கையோடு "நாங்கள் படகுக்குப் போகவேணும்" என்று விடுதியில் சொல்லி வையுங்கள். பட்டணத்தில் ஒரு இரவு தங்க ஒரு சொந்தக்கார வீட்டையும் முன்பே கேட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை 2: வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் மாறி மாறி அடித்தால் கூட நிற்பவர் நித்திரை கொள்ளவே முடியாது. நாங்கள் செய்தது: பின்னேரம் 6 மணிக்கு, கொப்பியைப் பார்த்து, குடும்பக் குழுவில் ஒரே ஒரு குரல் பதிவு. கோடை காலத்தில் அது ரொறன்ரோவில் காலை எட்டரை. அக்கா வேலைக்குப் போகும் வழியில் கேட்டுவிடுவார், கேள்வி இருந்தால் எழுதி விடுவார், அடுத்த நாள் நான் அதை டொக்டரிடம் கேட்டுவிடுவேன்.