செயற்கை மூட்டில் தொற்று வராமல் தடுப்பது: பூச்சு செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்

செயற்கை மூட்டு, முறிந்த எலும்பைத் தாங்கும் ஆணி, பேஸ்மேக்கர் ஆகியவற்றுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அவற்றின் பரப்பில் முழு வலுவோடு செயல்பட முடிவதில்லை. எலெக், கோனென் என்னும் இரு ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட சோதனையில், மனிதத் தோலில் சீழ் கட்டுவதற்குப் பல இலட்சம் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அங்கே ஒரு தையல் நூல் இருந்தபோதோ சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. உலோகத்தில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் பிசின் போன்ற ஒரு படலத்தைத் தம்மைச் சுற்றி உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தப் படலம் முதிர்ந்துவிட்டால், வாய்வழியாகவோ ஊசி மூலமாகவோ தரும் மருந்தால் மட்டும் அவற்றை ஒழிப்பது மிகவும் கடினம். ஆகவே, கிருமி ஒட்டுவதற்கு முன்பே தடுத்தாக வேண்டும்.

கிருமி எதிர்ப்புப் பூச்சுகள் இதற்காகவே வந்தவை. எலும்புப் புற்றுநோய்க்காகப் பொருத்தப்படும் பெரிய செயற்கை உறுப்புகளில் வெள்ளிப் பூச்சும், கீழ்க்கால் எலும்பு முறிவுக்கான சில ஆணிகளில் ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் பூச்சும் பயன்படுகின்றன. பேஸ்மேக்கரைச் சுற்றி வைக்கும், மினோசைக்ளின், ரிஃபாம்பிசின் என்னும் இரு ஆன்டிபயாடிக்குகள் கலந்த வலையுறை ஏறத்தாழ 7,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஓராண்டுக்குள் கடுமையான தொற்று ஏற்பட்டவர்கள் உறை இல்லாதோரில் 1.2 விழுக்காடாகவும், உறை வைத்தோரில் 0.7 விழுக்காடாகவும் இருந்தனர். இது மதிக்கத்தக்க பயன். எனினும் உறை இருந்தும் சிலருக்குத் தொற்று வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்து கசியும் பூச்சு பெரும்பாலும் முதல் சில நாள்களுக்கே காவல் நிற்கும் என்பதால், அதை முழு உத்தரவாதமாகக் காட்டும் விளம்பரத்தை நம்பிவிடக் கூடாது.

வழக்கமான முழங்கால் மாற்று உறுப்புகள் பலவற்றில் இத்தகைய பூச்சு இராது. அவற்றை எலும்போடு பிணைக்கும் சிமென்டில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கலாம். இந்த முறையை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்னும் அறுவை மருத்துவர் 1970ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எனவே, அறுவைக்கு முன் உங்கள் மருத்துவரிடம், "எனக்கு வைக்கும் உறுப்பிலோ சிமென்டிலோ மருந்து உண்டா, எந்த மருந்து?" என்று கேளுங்கள். முன்பு ஏதேனும் ஆன்டிபயாடிக் ஒவ்வாமல் போயிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் பங்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தேதி குறிப்பது நல்லது. அவசரமில்லாத மூட்டு மாற்றைச் சில வாரம் தள்ளிப்போடுவதில் இழப்பு ஏதுமில்லை. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். சொத்தைப் பல், கால் புண், சிறுநீர் எரிச்சல் போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவை நடக்கும் இடத்து முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை நீக்கியே தீர வேண்டுமானால் மருத்துவமனையில் கிளிப்பரால் நீக்குவார்கள். மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி இருப்பது தெரிந்தால், முப்பிரோசின் களிம்பு இடும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தொற்றைத் தடுக்கச் செஃபசோலின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசியைத் தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடுவது வழக்கம். அறுவை முடிந்தபின் தடுப்பு மருந்தைப் பல நாள் நீட்டிப்பதை அந்நிறுவனம் ஆதரிக்கவில்லை. ஆதலால் வீட்டுக்கு மாத்திரை எழுதித் தரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

வீடு திரும்பியபின் காயத்தின் கட்டை அடிக்கடி பிரித்துப் பார்க்காதீர்கள். கை கழுவாமல் யாரும் தொட வேண்டாம். மஞ்சள், எண்ணெய் எதையும் காயத்தில் பூசாதீர்கள். காயத்திலிருந்து நீர் வடிவது நிற்காமல் தொடர்ந்தாலும், சிவப்பு பரவினாலும், குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். இந்த நேரத்தில்தான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கிப் போட்டதும் சிவப்பு தணிகிறது, ஆறிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். உள்ளே படலம் முதிர்ந்துகொண்டே இருக்கும். பிறகு மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும், அந்த மாத்திரையின் விளைவால் எந்தக் கிருமி என்பது தெரியாமல் போகக்கூடும். அறிகுறி தோன்றிய முதல் மூன்று வாரங்களுக்குள் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் அனைத்தையும் கழற்ற நேரிடும். சோதனைக்கு மூட்டு நீர் எடுக்கும் வரை, மருத்துவர் சொல்லாமல் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது, பொருத்திய உறுப்பின் எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் சிமென்டின் பெயரையும் கேட்டு வாங்கி, மற்ற மருத்துவக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் மறு அறுவை தேவைப்பட்டாலும், உள்ளே இருப்பது எந்த உறுப்பு, முன்பு எந்த மருந்து வைக்கப்பட்டது என்பதை அங்குள்ள மருத்துவர் அதிலிருந்து தெரிந்துகொள்வார்.